விண்வெளி விளையாட்டில் மெய்யும் பொய்யும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இலக்கியம் பேசியவர்கள் பேசி அமர்ந்துவிட்டார்கள். இசைக் கலைஞர்கள் சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். இடையே நமக்குக் கிடைத்த பொருள் விண்வெளி பற்றிய கணினி விளையாட்டு. மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடும் இரசீதுகளோடும் காலங்கழித்துவரும் நாம் இதனைப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்றே கருதுகின்றோம். வண்டியை ஓட்டுவது எளிது; நிறுத்துவதே அரிது என்பது இரயில்வேயில் கடைநிலை ஊழியரும் அறிந்த செய்தி. விண்வெளியிலும் அதுவே செய்தி.

இவ்வுரைக்குக் காரணமானதோர் வழக்கையும் சொல்லிவிடுகின்றோம். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக, அன்பர் ஒருவர் சங்க நூலகத்துக்குக் கணினி ஒன்று வழங்கினார். அதில் விளையாட்டுகளும் இருந்தன. வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் வீடு திரும்பாமல் அதன்முன் குழுமினர். செயற்குழு இரண்டுபட்டது. ஒருசாரார், 'இவை யாவும் பொய். விண்வெளி இப்படியா இருக்கும்? பொய்யைக் கற்பிக்கவா சங்கம்?' என்றனர். மற்றொரு சாரார், 'விளையாட்டு விளையாட்டாக இருந்தாற் போதும். அதில் பௌதிகம் எதற்கு?' என்றனர். கணினியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வரும் மாதம் முடிவாகவேண்டிய இவ்வழக்கில் நமது கருத்தை அவைமுன் வைக்கின்றோம்.

நாம் குடியிருக்கும் இடம் விமான் நகர். தமிழில் விமானம் என்பது கோயிற் கருவறைக்கு மேலே அசையாது நிற்பது. இங்கோ தலைக்கு மேலே இரைந்து பறப்பது. நகர் என்பது ஊர்; ஒருவரைப் பார்த்து 'நகர்' என்றால் விலகிப் போ என்பது பொருள். லோகேகாவ் ஓடுதளத்திலிருந்து பயணிகள் விமானமும் விமானப்படையின் சுகோய் விமானமும் எழும்பும் ஓசையில் நம் வீட்டுப் பாத்திரங்களும் அவ்வாறே நகர்வதுண்டு. இவ்வூர்ப் பிள்ளைகள் தொட்டிலிலிருந்தே விமானம் சாய்ந்து திரும்புவதைக் கண்டு வளர்ந்தவர்கள். அது சாய்வதற்குக் காரணம் உண்டு. இறக்கை காற்றை அழுத்துகிறது. காற்று இறக்கையைத் தாங்குகிறது. சாய்ந்தால் அத்தாங்கல் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகிறது. விண்வெளியில் காற்று இல்லை. அங்கே சாய்ந்து பயனில்லை. எஞ்சினை நிறுத்தினாலும் கலம் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமாயின் கலத்தைப் பின்புறமாகத் திருப்பி, வந்த வேகத்துக்கு எதிராக எரிக்கவேண்டும். ஆயினும் பல விளையாட்டுகளில் விண்கலம் லோகேகாவ் விமானத்தைப் போலவே சாய்ந்து திரும்புகிறது. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் போர்க்காட்சிகளே இரண்டாம் உலகப்போர்க்கால விமானப் படக்காட்சிகளைப் பார்த்து அமைக்கப்பட்டவை. அதைக் கண்டு வளர்ந்தவர்கள் விளையாட்டுச் செய்தார்கள். அவ்விளையாட்டில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

இதனால் பொய்யென்று சொன்னவர்கள் வென்றார்கள் என்று எண்ணிவிட வேண்டா. 1978இல் ஜப்பானியர் நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தில் கலம் இடமும் வலமும் மட்டும் நகரும். பகைவர் வரிசையாக இறங்கி வருவர். அதில் பௌதிகம் அணுவளவும் இல்லை. இருப்பதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. தோற்பாவைக் கூத்தில் இராமனுடைய கைக்குக் குச்சி கட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதனைப் பொய் என்று எவரும் எழுந்து போவதில்லை.

நம் வழக்குக்குச் சரியான சான்று வேண்டுமானால் இவ்விளையாட்டுகள் பிறந்த இடத்துக்கே போகவேண்டும். 1962ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பி.டி.பி.-1 என்னுங் கணினியில், ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய தோழர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினர். இருவர் ஆளுக்கொரு கலம் செலுத்தி ஒருவரையொருவர் சுடவேண்டும். கலம் நியூட்டன் விதிப்படியே சென்றது. உந்தினால் ஓடும், எதிர்த்து உந்தினாலன்றி நில்லாது. இனி வருவதுதான் நாம் சொல்லவேண்டிய செய்தி. எந்தப் படைக்கலமும் எப்பொழுதும் குறிதவறாது செல்வதில்லை என்பது உலகியல் உண்மையன்றோ? அதனைக் கருதி ரஸ்ஸல், சுடும் குண்டின் போக்கில் சிறு பிசகு தானே நேருமாறு அமைத்துப் பார்த்தார். ஆடியவர்கள் வெறுத்தனர், அதனை எடுத்துவிட்டார். பின்னர் டான் எட்வர்ட்ஸ் என்னுந் தோழர் திரையின் நடுவே ஒரு விண்மீனை வைத்து, அதன் ஈர்ப்பு இரு கலங்களையும் இழுக்குமாறு செய்தார். இதுவும் ஓர் உண்மையே. ஆட்டத்தை முன்னினும் கடினமாக்கிய உண்மை. ஆயினும் ஆடியவர்கள் அதனை விரும்பி ஏற்றனர். விண்மீனை ஒட்டி வளைந்து சென்று, அதன் ஈர்ப்பையே துணையாக்கிப் பகைவனை மடக்குந் தந்திரங்கள் தோன்றின.

இரண்டும் உண்மை. ஒன்று ஆட்டத்தைக் கெடுத்தது, மற்றொன்று உயர்த்தியது. வேற்றுமை யாது? நம் வீட்டு ஆட்டங்களிலேயே விடை இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுகிறோம். ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் கையில். நூறு முறை ஆடினாலும் நம் திறமை வளராது. ஆடுபுலி ஆட்டத்திலோ விதி கடுமையானது. ஆனால் எல்லாருக்கும் ஒன்றே. தோற்றவன் எங்கே தோற்றோம் என்று அறிந்து மறுமுறை திருத்திக்கொள்கிறான். தானே பிசகும் குண்டு பரமபதத்தின் பாம்பு. இழுக்கும் விண்மீன் ஆடுபுலியின் விதி. கற்றுக்கொள்ளக்கூடிய உண்மை எவ்வளவு கடினமாயினும் இன்பந் தருகிறது. கற்றுப் பயனில்லாத உண்மை சலிப்பே தருகிறது.

அதே ஆட்டத்தில் இன்னொன்றையும் காண்க. கலங்களை இழுத்த ஈர்ப்பு குண்டுகளை இழுக்கவில்லை. அக்கணினியால் அத்தனை கணக்கையும் உரிய நேரத்தில் போட இயலவில்லை. ஆகவே முதல் விளையாட்டிலேயே பாதி மெய்யும் பாதி பொய்யும் கலந்தாயிற்று. எதில் மெய் வேண்டும், எதில் வேண்டா என்று தெரிவதே அன்றுமுதல் இத்தொழிலின் கலை.

1969இல் மனிதர் சந்திரனில் இறங்கினர். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே ஜிம் ஸ்டோரர் என்னும் அமெரிக்கப் பள்ளி மாணவர் சந்திரனில் இறங்கும் ஆட்டமொன்றை எழுதினார். அதில் படமே கிடையாது. உயரம், வேகம், மிச்சமுள்ள எரிபொருள் ஆகியவற்றை எண்களாகக் கணினி அச்சிடும். அடுத்த பத்து விநாடிக்கு எவ்வளவு எரிப்பது என்று ஆடுபவர் எண்ணால் விடை சொல்லவேண்டும். நம் அலுவலகப் பேரேட்டைப் போன்ற இவ்வாட்டத்தையும் மக்கள் விழுந்து விழுந்து ஆடினர். 1979இல் அடாரி என்னும் நிறுவனம் இதனைப் படத்தோடு கூடிய நாணய இயந்திரமாக்கியது. எரிபொருள் போதாவிட்டால் இன்னொரு நாணயம் போடலாம், எரிபொருள் கூடும்! கட்டணம் வசூலிக்கும் துறையைச் சேர்ந்த நமக்கு இவ்வேற்பாட்டில் தனி மகிழ்ச்சி.

அதே நிறுவனம் அதே ஆண்டில் 'ஆஸ்டராய்ட்ஸ்' என்னும் மற்றோர் ஆட்டத்தையும் வெளியிட்டது. அதிலும் கலம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் உந்துவதை விட்டால் மெல்ல மெல்ல வேகங்குறைந்து தானே நின்றுவிடும். காற்றில்லா வெளியில் அது எவ்வாறு நிற்கும்? பொய்தான். ஆனால் சந்திரனில் இறங்கும் இயந்திரம் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே விற்க, இது எழுபதாயிரம் அளவில் விற்றது. சந்திர ஆட்டத்துக்கென்று செய்த பெட்டிகளிற் சிலவற்றில் இவ்வாட்டத்தையே வைத்து அனுப்பவும் நேர்ந்தது. அந்தச் சிறு பொய்யை நாம் மன்னிக்கின்றோம். ஓடுவது உடனே நில்லாது என்னும் உண்மையை அது மறைக்கவில்லை, கற்போனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடந்தந்தது, அவ்வளவே.

சந்திரனில் இறங்கும் ஆட்டத்தை நம் நாடு மெய்யாகவே இருமுறை ஆடியது. அதனைச் சொல்லுமுன் நம் பக்கத்து மலையைச் சொல்லவேண்டும். லோனாவளாவிலிருந்து கர்ஜத் வரை இறங்கும் போர்க்காட் பாதையில் சரிவு 37 அடிக்கு ஓரடி. ஏறும் வண்டிக்குக் கர்ஜத்தில் துணை எஞ்சின் பூட்டுகிறார்கள். அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. இறங்கும் வண்டியே பெருங்கவலை. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம். உராய்வு மிகக் குறைவு. பிரேக்கைச் சோதித்த பின்பே இறங்கவிடுகிறார்கள். கட்டுமீறி வரும் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்துவதற்கென்றே தனிக் கிளைத்தடங்களும் உண்டு. மலையிறக்கத்தில் வேகம் மிகுந்தபின் வருந்திப் பயனில்லை, முன்கூட்டியே பிடிக்கவேண்டும்.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை சந்திரயான்-3இன் விக்ரம் கலம் இறங்கியதும் அத்தகையதோர் இறக்கமே. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். அங்கே காற்றும் இல்லை, தண்டவாளமும் இல்லை, கிளைத்தடமும் இல்லை. முன்னோக்கி எரித்த எஞ்சின்களே பிரேக். முதற்கட்டத்தில் மட்டும் 700 கிலோமீட்டருக்கு மேல், அதாவது இங்கிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் பாதிக்கு மேற்பட்ட தொலைவு, பிரேக் போட்டுக்கொண்டே சென்றது! ஏறத்தாழ 19 நிமிடங்கள் மனிதர் எவரும் கைவைக்கவில்லை. மாலை 6 மணி 4 நிமிடத்துக்குத் தரை தொட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்கே இரயில்வே பள்ளியில் பயின்றவர். இரயில்வேத் தொழில்நுட்பப் பணியாளரின் மைந்தர். கைதட்ட வேண்டா, நம் துறை அதற்குமேல் ஏதும் செய்யவில்லை.

முதல் ஆட்டம் 2019 செப்டம்பர் 7ஆம் நாள் தோல்வியில் முடிந்தது. சந்திரயான்-2இன் எஞ்சின்கள் எதிர்பார்த்ததற்கு மேல் உந்தியதால் பிழைகள் சேர்ந்தன. அவற்றைத் திருத்த வேகமாகத் திரும்பவேண்டிய கலத்துக்கு அவ்வளவு வேகமாகத் திரும்ப இசைவில்லை. இறங்குமிடமோ 500 மீட்டர்ச் சதுரம். இவற்றை இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சோமநாத் அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அடுத்த முறை இறங்குமிடத்தை நான்கு கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தனர், எரிபொருளைக் கூட்டினர், எங்கெங்கே பிழைக்கக்கூடும் என்று எண்ணி எண்ணி அதற்கேற்ப அமைத்தனர். ஆடுபுலியில் தோற்றவன் செய்வதும் இதுவே.

விஞ்ஞானிகளும் விளையாட்டுச் சந்திரன் ஒன்றைச் செய்துகொண்டார்கள் என்பது தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறை சந்திர மேட்டுநிலத்துப் பாறையை ஒத்தது. அதனைப் பொடியாக்கிப் பெங்களூரில் பரப்பி, அதன்மேல் சோதனை செய்தனர். அந்தச் சந்திரனுக்கு நான்கு சுவர் உண்டு. சாலையில் பேருந்து ஓடும் ஓசை கேட்டிருக்கும். ஆயினும் மண் மெய். சக்கரம் புதையுமா, கால் அமிழுமா என்று அறிய மண் மெய்யாக இருந்தாற் போதும், மற்றவை சுருங்கலாம்.

இத்தகைய சுருக்கத்தை விளையாட்டில் மிக நன்றாகச் செய்தவர்கள் மெக்சிகோ நாட்டு நிறுவனத்தார். ஃபெலிபே ஃபலாங்கே என்பவர் அங்குள்ள ஸ்க்வாட் என்னும் நிறுவனத்தில் இருந்துகொண்டு 'கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம்' என்னும் விளையாட்டை 2011இல் வெளியிட்டார்; 2015இல் அது முழுமை பெற்றது. ஆடுபவரே இராக்கெட்டைக் கட்டவேண்டும், ஏவவேண்டும், வெடித்தால் சிரித்துவிட்டு மறுபடி கட்டவேண்டும். அதிலுள்ள பூமிக்குக் கெர்பின் என்று பெயர். நம் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டரே. ஆனால் தரையில் ஈர்ப்பு நம் பூமியின் அளவே. கணக்கிட்டுப் பார்த்தால் அக்கோள் தங்கத்தைப்போல் மும்மடங்கு அடர்த்தி கொண்டதாக இருக்கவேண்டும்! அப்படியொரு கோளை எவரும் கண்டதில்லை. இப்பொய் எதற்கு? நம் பூமியைச் சுற்றிவர விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கெர்பினைச் சுற்ற இரண்டேகால் கிலோமீட்டர் அளவு போதும். பிள்ளை கட்டிய ஓட்டை இராக்கெட்டும் சில நிமிடங்களில் சுற்றுப்பாதைக்கு ஏறிவிடும். சந்திரயான்-3 புறப்பட்டு இறங்க 40 நாட்களாயின. அத்தனை நாள் எந்தப் பிள்ளை அமர்ந்திருக்கும்? இதில் காலத்தை ஆயிரம் மடங்கு, நூறாயிரம் மடங்கு கூட விரைவாக ஓட்டலாம். அளவும் காலமும் பொய். உந்தினால் என்ன ஆகும் என்ற விதி மட்டும் பெரிதும் மெய்.

அவ்விதி எத்தகையது என்பதை நம் நூலகத்திலேயே கண்டோம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரே பாதையில் தனக்கு முன்னே செல்லும் கலத்தைப் பிடிக்க முயன்றாள். முன்னோக்கி எரித்தாள், அக்கலம் இன்னும் தொலைவு போயிற்று. மேலும் எரித்தாள், கண்ணுக்கே தெரியாமற் போயிற்று. மூன்று ஞாயிறு கழிந்தபின் அவளே கண்டுபிடித்து, 'மாமா, அதைப் பிடிக்கணும்னா பிரேக் போடணும்!' என்று கூவினாள். நூலகத்திலிருந்தோர் சிரித்தனர். அவள் சொன்னதே சரி. கோயிலில் வெளிப்பிராகாரம் சுற்றுபவரையும் உட்பிராகாரம் சுற்றுபவரையும் எண்ணிப் பாருங்கள். முன்னோக்கி எரித்தால் கலம் வெளிச்சுற்றுக்கு ஏறுகிறது; சுற்று நீள்கிறது; ஆகவே பின்தங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் உட்சுற்றுக்கு இறங்குகிறது, சுற்று குறுகுகிறது, அங்கே ஈர்ப்பு இழுத்து வேகமும் மிகுகிறது, ஆகவே முந்துகிறது. 1965 ஜூன் மாதத்தில் ஜெமினி-4 கலத்திற் சென்ற மெக்டிவிட் என்னும் தேர்ந்த விமானி, தாம் கழற்றிவிட்ட இராக்கெட்டை நோக்கி நேரே உந்திப் பார்த்து, நெருங்க இயலாமல் விட்டுவிட்டார். விமானத்திற் பழகிய கை அவ்வாறே செய்யும். நம் நாட்டின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் 2024 டிசம்பர் 30இல் ஏவப்பட்டு, ஒருமுறைக்கு மேல் ஒத்திவைத்து, மூன்று மீட்டர் வரை நெருங்கி விலகி, 2025 ஜனவரி 16இல் இணைந்தபோது, அச்செய்தியின் அருமையைப் பெரியோர் பலரினும் அச்சிறுமி நன்கு உணர்ந்தாள்.

சாய்ந்து திரும்பும் விமான ஆட்டத்தில் இது நிகழாது. அங்கே முன்னே செல்வதைப் பிடிக்க முன்னோக்கி உந்தினாற் போதும், கற்பதற்கு ஏதுமில்லை. அதே வேளையில் முழு மெய்யே வேண்டும் என்பாரும் எண்ணிப் பார்க்கவேண்டும். மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் 2000ஆம் ஆண்டில் 'ஆர்பிட்டர்' என்னும் ஆட்டத்தை இலவசமாகவே வழங்கினார். பூமி முழு அளவு. சந்திரன் முழுத் தொலைவு. மிக உயர்ந்த படைப்பு. நம் பிள்ளைகளிற் பலர் பத்தே நிமிடத்தில் மூடிவிட்டனர். ஒரே ஒரு பையன் மட்டும் இன்றுவரை விடவில்லை. அவனுக்கு அது வேண்டும். லோகோ பைலட்டுகளுக்குப் பயிற்சி தரும் பாவனை இயந்திரத்திலும் எல்லாம் மெய்யாகவே இருக்கவேண்டும். அங்கே தவறான பழக்கம் உயிரைக் கொள்ளும். சிவப்பு விளக்கின்முன் காத்திருக்கும் நேரமும் அங்கே பாடமாகும். பத்து வயதுப் பிள்ளைக்கு எவரும் சம்பளங் கொடுத்து உட்கார வைக்கவில்லை.

'கெர்பினைப் பார்த்துப் பூமி 600 கிலோமீட்டர் என்று பிள்ளைகள் நம்பிவிட்டால்?' என்று செயற்குழுப் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் இரயில்வே வழித்தடப் படத்தைப் பாருங்கள். வளைந்த பாதை நேர்கோடாக இருக்கும். நூறு கிலோமீட்டரும் இருபது கிலோமீட்டரும் ஒரே இடைவெளியாக இருக்கும். ஆனால் எந்த நிலையத்துக்குப்பின் எந்த நிலையம், எங்கே வண்டி மாறவேண்டும் என்பதில் பிழை இராது. அதனைக் கொண்டு தொலைவு அளப்பவர் இல்லை. அதனால் வண்டி தவறவிட்டவரும் இல்லை. சுவரில் பெரியதோர் அட்டை மாட்டி, மெய்யான அளவுகளை எழுதிவைத்தால் ஐயந் தீர்ந்தது. எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கே விடலாம்.

ஆதலின் கணினியைத் திருப்பித் தரவேண்டா என்பதே நம் கருத்து. விமானம்போற் சாய்ந்து பறக்கும் சுடுகல ஆட்டங்களை எடுத்துவிடலாம். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். சந்திரனில் இறங்கும் பழைய ஆட்டமும் கெர்பலும் இருக்கவேண்டும். அந்த ஒரு பையனுக்காக ஆர்பிட்டரும் இருக்கட்டும். ஞாயிறு வகுப்பு முடிந்தபின் ஒரு மணிநேரம், அதற்குமேல் இல்லை, தாய்மார்கள் கவலை கொள்ளவேண்டா. சித்திரைப் புத்தாண்டன்று போட்டி ஒன்று நடத்தலாம். எல்லாருக்கும் ஒரே அளவு எரிபொருள்; யார் மிக மெல்ல இறக்குகிறாரோ அவருக்கு முதற் பரிசு. மோதி நொறுங்கியவரும் பரிசு பெறலாம். ஏன் நொறுங்கியது என்பதை அவைமுன் தமிழில் ஐந்து நிமிடம் விளக்கவேண்டும். வேகம், உயரம், உந்துவிசை, சுற்றுப்பாதை என்னுஞ் சொற்களை இப்பிள்ளைகள் வீட்டிலும் பள்ளியிலும் கேட்பதில்லை. அச்சிறுமி மூன்றாம் ஞாயிறு கூவியபின் அடுத்த அரைமணி நேரம் நம்மோடு தமிழிலேயே வாதாடினாள் என்பதைச் செயற்குழு குறித்துக்கொள்ளுமாக.

பரிசுப் புத்தகங்களுக்கான செலவில் ஒரு பங்கை ஏற்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் விழா முடிந்ததும் செயலாளரிடம் தரலாம். இசைக் கலைஞர்கள் நெடுநேரம் பொறுத்திருக்கிறார்கள்.